பாதியில் நின்ற மணி

அந்தக் காப்பிக்கு அடுப்பு ஊதியது நான்தான். சாரல் பிடித்துவிட்டால் தென்காசியில் விறகு லேசில் பற்றாது. ஊதி ஊதிக் கண்ணெரிந்து, கருப்பட்டி கரைந்து பொங்கி வருகிற மணம் எழுந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

வெளியே கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு அடி. பிறகு, முடிந்துவிட்டதோ என்று நினைக்கும்படி ஒரு நீண்ட இடைவெளி. மறுபடி ஒரு அடி. துக்க மணி.

“மேலத்தெருப் பெரியவராத்தான் இருக்கும். பாவம், ரொம்ப நாளா இழுத்துக்கிட்டுக் கிடந்தாவ,” என்றாள் அம்மா. தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டுக் கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். “ஏட்டி, தூக்குவாளியை எடு. துக்க வீட்டுல பிள்ளையள் வெறும் வயித்தோட கெடக்கும்.”

எங்கள் கிறிஸ்தவத் தெருவில் அதுதான் வழக்கம். துக்க மணி கேட்டால் சாவு வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். மற்ற வீடுகளில் அடுப்பு எரியும். எந்த வீடு என்று கேட்டுக்கொண்டு பெண்கள் தூக்குவாளியும் கையுமாகப் புறப்படுவார்கள். யார் முதலில் போய்ச் சேருகிறார்கள் என்பதில் சின்னதாகப் போட்டிகூட உண்டு. அம்மா அதில் தோற்க மாட்டாள்.

அவள் காப்பியோடு முன்னால் நடக்க, நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டு ஞானத்தம்மாள் மதினி வாசலில் நின்றாள்.

“எந்த வீடு மதினி?”

மதினி அம்மாவைப் பார்த்தாள். கையிலிருந்த தூக்குவாளியைப் பார்த்தாள். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அடுத்த வீட்டில் கதவே சாத்தியிருந்தது. எதிரே வந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினார்கள்.

“என்ன இது, ஒரு வார்த்தை கேட்டா எல்லாருக்கும் வாயில கொழுக்கட்டையா?” அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நடையை எட்டிப் போட்டாள்.

கோயில் வாசலில் ஐயர் நின்றார். பக்கத்தில் படிக்கட்டில் தாடியும் சடையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலிலும் கந்தல் சுற்றியிருந்தது. அம்மா அவரை உற்றுப் பார்த்தாள். முகம் சட்டென்று மலர்ந்தது.

“பாக்கியம் தம்பியா? எப்பம்ப்பா வந்த? ஒங்க அண்ணாச்சி எங்க?” என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்போது தலைக்கு மேலே மணி இன்னொரு அடி அடித்தது.

வீடு தேடி வந்த துக்கம் எங்கள் வீட்டுத் துக்கம்தான் என்று அம்மாவுக்கு விளங்கியது அந்த அடியில்தான். எனக்கு அது விளங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. காப்பி ஆறிவிடுமே என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண் போட்டியா?

குருவானவரை எங்கள் பக்கத்தில் ‘ஐயர்’ என்றுதான் சொல்வோம். மெட்ராஸ் வாசகர்கள் குழம்ப வேண்டாம். மணியடித்து, கோயில் பெருக்கி, விளக்கேற்றுகிறவருக்குக் ‘கோயில்பிள்ளை’ என்று பெயர். எங்கள் கோயில்பிள்ளைக்கு எழுபது வயது இருக்கும். அன்றைய குளறுபடி அவருடையது.

பாக்கியநாதன் ரயிலடியிலிருந்து நேரே கோயிலுக்குத்தான் வந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வரக் கால் வரவில்லை. கோயில்பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லி அழுதிருக்கிறார், அக்கம்பக்கத்தார் காதில் விழ. சாவுச் சேதி கோயிலுக்கு எட்டினால் மணியடிக்க வேண்டியது. ஆயுள் முழுக்க அப்படித்தான் அடித்தவர் அவர். போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார். வீட்டுக்குத் தெரியாமல் கோயிலுக்கு முதலில் எட்டுகிற சாவு அதுவரை எங்கள் ஊரில் நடந்ததில்லை. எங்கள் ஊர்ச் சாவெல்லாம் கட்டிலில் நடந்தவை.

அப்பா ரங்கூனில் ஒரு அரிசி மில் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பாக்கியநாதன் அதே மில்லில் சரக்குக் கணக்கு. எங்கள் தெருக்காரர்தான், அப்பாவைவிட நன்றாக இளையவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் எல்லாரும் ஊரைப் பார்க்க நடக்க ஆரம்பித்தார்கள். காடு, மலை, காலரா. அந்த நடையைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் நடக்கவில்லை, அதனால் எழுதமாட்டேன்.

அம்மா தூக்குவாளியைப் படியில் வைத்தாள். அழவில்லை. ஒரு வக்கீலைப்போல விசாரித்தாள்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன் மதினி. காய்ச்சல். ஒரு மரத்தடியில சாஞ்சி இருந்தாவ. கூப்பிட்டேன். பதில் சொல்லல.”

“மூச்சு இருந்துதா?”

“தெரியல மதினி. கூட்டம் நிக்கல. பின்னால தள்ளிக்கிட்டே வந்தாவ.”

“மண் போட்டியா?”

“போடல.”

“கூப்பிட்டு பதில் சொல்லலன்னா செத்துட்டாவன்னு அர்த்தமா? அவிய வீட்டுலயே கூப்பிட்டா பதில் சொல்லமாட்டாவ. நாலு சத்தம் போட்டாத்தான் திரும்பிப் பாப்பாவ.” அம்மா ஐயர் பக்கம் திரும்பினாள். “ஐயரே, மணியை நிறுத்தச் சொல்லுங்க.”

மணி நின்றது. துக்க மணி இறந்தவரின் வயதில் வருஷத்துக்கு ஒரு அடி வீதம் அடிக்கிற மணி. அன்று பாதியில் நின்றது.

அம்மா காப்பியைத் தம்ளரில் ஊற்றிப் பாக்கியநாதனிடம் நீட்டினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டார். வாங்கவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காப்பியை அவர் தொட்டதில்லை.

குற்றாலத்தில் ஒரு மங்குஸ்தான் கறை

“இத்தனை வாரமாக எழுதுகிறீர்கள், உங்கள் அப்பாவைக் காணோமே?” என்று ராஜபாளையத்து வாசகி ஒருவர் கேட்டிருந்தார். காணோம்தான் அம்மா. எனக்கே கொஞ்சம்தான் ஞாபகம்.

ரங்கூனுக்குப் போகும் முன்பு எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். அருவியில் நின்றுவிட்டு வந்து, ஈரத்துண்டோடு கல்லில் உட்கார்ந்து மங்குஸ்தான் தின்றோம். உரிக்கத் தெரியாமல் உரித்து அவருடைய வெள்ளைச் சட்டையில் நான் கறை வைத்துவிட்டேன். அம்மா என்னைத் திட்டினாள். அவர் எதுவும் சொல்லாமல் இன்னொரு பழத்தை உரித்து என் கையில் வைத்தார். அருவி இரைச்சலில் அவர் ஏதாவது சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. ஆனால் சொல்லவில்லை, எனக்கு நிச்சயம்.

அந்தச் சட்டையை அவர் கொண்டுபோகவில்லை. கறை போகவில்லை என்று அம்மா பெட்டியில் வைத்திருந்தாள்.

பெரியப்பாவின் குடை

சேதி சிவகிரிக்குப் போக எவ்வளவு நேரமாகும்! அந்த வாரமே பெரியப்பா கறுப்புக் குடையோடு வந்து இறங்கினார். அப்பாவின் அண்ணன். கெட்ட மனுஷர் இல்லை. காரியக்காரர், அவ்வளவுதான்.

“ஐயரே, நாளைக்கே துக்க ஆராதனை வச்சிருங்க. மிச்ச மணியையும் அடிச்சி முடிச்சிருங்க,” என்றார். அம்மாவிடம், “தாலியைக் கழத்தி வச்சிட்டுப் பொறப்படு தாயி. நம்ம வீட்டுல அடுக்களையைப் பாத்துக்கோ. பொட்டப்பிள்ளைக்குப் படிச்ச படிப்பு போதும்.”

நாங்கள் இருந்தது கோயிலுக்குச் சொந்தமான வீட்டு வரிசையில் ஒரு சின்ன வீடு. அப்பா இருக்கிறார் என்றால் அம்மா ஒரு கம்பவுண்டரின் மனைவி. அவள் வீடு, அவள் மெஷின், நான் போகிற பள்ளிக்கூடம் எல்லாம் அப்படியே இருக்கும். அப்பா இல்லை என்றால் அவள் மைத்துனர் வீட்டு அடுக்களையில் ஒரு வெள்ளைச் சேலை. இரண்டுக்கும் நடுவில் நின்றது அந்த மணி. மணியடிக்கும் அதிகாரம் ஐயருடையது.

“உடம்பைப் பாக்காம எப்படி மணியடிப்பிய?” என்றாள் அம்மா.

“வீம்பு பேசாத. அக்கரையில செத்தவனுக்கு உடம்பைக் கொண்டாந்து காட்டுவாவளா?”

ஐயர் மீசையைத் தடவிக்கொண்டார். அவர் எதற்கும் ஒரு நாள் யோசிக்கிறவர். “ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும்,” என்றார். பெரியப்பா அதுவரை தங்கிவிட்டார்.

ஒரு பெயருக்காக ஒரு நிறுத்தம்

ஞாயிறு ஆராதனையில் பிரயாணிகளுக்காக ஒரு மன்றாட்டு உண்டு. அந்த இடத்தில் ஐயர் சற்று நிறுத்தி, தூரதேசத்தில் இருக்கிறவர்களின் பெயர்களை வாசிப்பார். சபை ஆமென் சொல்லும். அப்பா கப்பல் ஏறின நாளிலிருந்து ‘யோசேப்பு’ என்ற பெயர் அதில் உண்டு. கடைசியில், ஊர் வந்து சேர்ந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய வீட்டார் எழுந்து பெயரைச் சொல்வார்கள். அவர்களுக்காக ஸ்தோத்திரம் ஏறெடுக்கப்படும். பாக்கியநாதனுக்கு வீட்டார் என்று யாரும் இல்லை. தாயார் அதற்கு முந்திய வருஷமே போய்விட்டாள். அவர் ஊர் திரும்பியதற்கு அன்று ஒருவரும் எழவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவும் இல்லை, நாங்கள் உட்பட.

அந்த ஞாயிறு பெரியப்பா ஆண்கள் பக்கம் முதல் வரிசையில். அம்மா பெண்கள் பக்கம் பாயில், என் கையைப் பிடித்துக்கொண்டு. கைவிரல் நொறுங்குகிறதுபோல வலித்தது.

பெயர்கள் வந்தன. கொழும்பில் ஒருவர், பினாங்கில் ஒருவர், பட்டாளத்துக்குப் போன இரண்டு பையன்கள். பிறகு ஐயர் நிறுத்தினார். அப்பா பெயர் வழக்கமாக வருகிற இடம். அவர் வாய் திறந்தது, மூடியது. ஓட்டின்மேல் சாரல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பின்னால், மணிக்கயிற்றுப் பக்கமிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

“யோசேப்பு.”

கோயில்பிள்ளை. ஆராதனையில் அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. மணிதான் அவர் குரல்.

“ஆமென்,” என்றாள் ஞானத்தம்மாள் மதினி. தெருவில் பதில் சொல்லாமல் உள்ளே போனவள்தான். பிறகு பெண்கள் பக்கம் முழுக்க, பிறகு ஆண்கள் பக்கம். ஐயரும் சொன்னார். பெரியப்பா சொன்னாரா என்று நான் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே குடையை எடுத்துக்கொண்டு சிவகிரி போய்விட்டார். போகும்போது என் கையில் ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்தார். நான் அதை முழுவதும் தின்றேன்.

கிழிந்துகொண்டே இருந்த அங்கிகள்

சாட்சிக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு. ஜெபித்தேன், மறுநாள் கிடைத்தது என்பார்கள். எங்களுக்கு மறுநாள் எதுவும் கிடைக்கவில்லை. ரங்கூன் பணம் நின்றது. அரிசி கிடைப்பதே பெரும்பாடு. கேப்பைக் கூழ் குடித்தே என் நாக்கு மரத்துப்போனது.

அந்தக் கூழுக்கு நடுவிலும் அம்மா பிடி அரிசி எடுப்பதை நிறுத்தவில்லை. உலையில் போடும் முன்பு கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். அரிசி வடிக்கிற அபூர்வமான நாளில் அம்மா அந்தப் பிடியை எடுக்கிறபோது எனக்கு அழுகையே வந்துவிடும்.

“சாமிக்குப் பசிக்குதா இப்பம்?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“சாமிக்கு இல்லட்டி. குடுக்குத வீடா நாம இருக்கதுக்கு,” என்றாள்.

அந்த வீட்டுக்குத் தானமாக எதையும் நீட்ட முடியாது என்பது தெருவுக்குத் தெரியும். அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? பாடகர் குழுவின் அங்கிகளைத் தைக்கக் கொடுத்தார்கள். அந்த வருஷங்களில் கிழிந்ததுபோல் எங்கள் கோயில் அங்கிகள் எந்தக் காலத்திலும் கிழிந்ததில்லை. தைத்துக் கொடுத்த தோள் மறுமாதமே கிழிந்து வரும். கூலியாக அரிசி வரும். “பாட்டுப் பாடுதானுவளா, மல்லுக்கட்டுதானுவளா?” என்று அம்மா கேட்பாள். ஐயரின் மனைவி முகத்தை நேராக வைத்துக்கொண்டு, “என்ன செய்ய, எளவட்டப் பயலுவ,” என்பார். ஒரு அங்கியில் கத்தரி வெட்டு அவ்வளவு நேராக இருந்தது. அம்மா அதை என்னிடம் காட்டிவிட்டுச் சிரித்தாள். அப்பா சேதி வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சீசன் மாதங்களில் குற்றாலத்தில் வேலை கிடைத்தது. பங்களாக்களில் தங்குகிறவர்களுக்கு ரவிக்கை, பிள்ளைகளுக்கு கவுன். கை மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மைல் வருவது பாக்கியநாதன். அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அவருக்கும் பிழைப்பு அங்கேதான். சரக்குக் கணக்கு எழுதிய மனுஷர் அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். எங்களோடு சேர்ந்து நடக்கமாட்டார். பத்தடி பின்னால்தான் வருவார்.

அம்மா சில நாள் வேலை முடிந்து அருவிக்குப் போவாள். சேலையோடு நின்றுகொண்டே இருப்பாள். குளிக்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் பக்கத்தில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. அங்கே வாய்விட்டு அழுதால் பக்கத்தில் இருக்கிறவளுக்குக்கூடக் கேட்காது. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது, சௌகரியமாக அழுதேன்.

ஞாயிறுதோறும் அப்பா பெயர் வாசிக்கப்பட்டது. சபை ஆமென் சொன்னது. யுத்தம் முடிந்தது. கப்பல்கள் ஓடத் தொடங்கின. பினாங்குக்காரர் வந்து சேர்ந்தார். பட்டாளத்துப் பையன்களில் ஒருவன் வந்தான். யோசேப்பு மட்டும் அந்த மன்றாட்டில் அப்படியே இருந்தார்.

எந்த வயதுக்கு?

அடுத்த சீசனில், பங்களா வராந்தாவில் அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். பாக்கியநாதன் மெஷினை எடுத்துப்போக வந்து தூணோரம் நின்றார்.

“தம்பி, ஒனக்கும் வயசு ஏறுது. பொண்ணு குடுக்க ஆள் இருக்குன்னு ஐயரம்மா சொல்லுதாவ. நீ பிடி குடுக்கமாட்டேங்கியாம். கோயில்ல திருவிருந்து வாங்கவும் வாரதில்ல. பேர் வாசிக்க ஆரம்பிச்சா எந்திரிச்சி வெளிய போயிருத. என்னப்பா?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அண்ணாச்சி உயிரோட இருக்காவன்னு நீங்க சொல்லுதிய மதினி. சபையும் ஆமென் சொல்லுது. அப்பம் நான் உயிரோட இருந்தவியளத்தான மரத்தடியில விட்டுட்டு வந்திருக்கேன்? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் அங்கன போயி நிக்குதேன் மதினி. கூப்பிடுதேன். பதில் சொல்லமாட்டேங்காவ.”

அம்மாவின் கை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ரவிக்கையின் கை இருக்க வேண்டிய இடத்தில் கழுத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டாள். அவள் தையலில் நான் பார்த்த ஒரே தப்பு அது. பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கூழ் ஊற்றும்போது சொன்னாள். “ஏட்டி, அவிய வரமாட்டாவன்னு எனக்கு எப்பமோ தெரியும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “பொறவு எதுக்கும்மா இம்புட்டு வருசம்?”

“பேர் வாசிக்கையில அத்தன பேரும் ஆமென் சொல்லுதாவல்லா. அந்தச் சத்தத்தைப் பிடிச்சிக்கிட்டே இம்புட்டுத் தூரம் வந்துட்டேன். எனக்குக் கெடைச்சிட்டு. அந்தப் பய இன்னும் காட்டுக்குள்ளயே நிக்கானே. அவனைக் கொண்டுவரணும்லா.”

மறுநாள் காலை பாக்கியநாதனையும் கூட்டிக்கொண்டு மணிக்கூண்டுக்குப் போனாள். ஐயருக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். கோயில்பிள்ளைக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனால் முன்பு எத்தனையாவது அடியில் நிறுத்தினார் என்பது அவருக்குத் தெரியும். இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்.

“மிச்சத்தை அடிச்சிருவோம்,” என்றாள் அம்மா.

அவர் தலையாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அம்மா, இப்பம் உள்ள வயசுக்கா, அப்பம் உள்ள வயசுக்கா?”

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. சுவரில் கை ஊன்றிக்கொண்டாள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்ட மனுஷர் மேல் ஆத்திரமாக இருந்தது. ஆனால் கேட்காமல் அவர் எப்படி அடிப்பார்?

“அப்பம் உள்ள வயசுக்கு,” என்றாள் அம்மா. “பாக்கியம் அடிக்கட்டும்.”

எண்ணெய்க் கைகளால் அவர் கயிற்றைப் பிடித்தார். கோயில்பிள்ளை பக்கத்தில் நின்று உதட்டை அசைத்து எண்ணினார். ஒவ்வொரு அடிக்கும் பாக்கியநாதனின் தோள் குலுங்கியது. அம்மா அழுதாள், எல்லாரும் பார்க்க, அருவி இல்லாமல்.

நாங்கள் வீடு வருவதற்குள் வாசலில் பெண்கள் நின்றார்கள். அத்தனை பேர் கையிலும் தூக்குவாளி. முதலில் வந்தவள் ஞானத்தம்மாள் மதினி. “இந்தத் தடவை எந்த வீடுன்னு கேக்க வேண்டியதில்லைல்லா,” என்று சொல்லி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தெரு முழுக்கக் கருப்பட்டி மணம்.

அம்மா முதல் தம்ளரை ஊற்றிப் பாக்கியநாதனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். சூடு ஆறக்கூடக் காத்திருக்கவில்லை.

அந்த ஞாயிறு பிரயாணிகளுக்கான மன்றாட்டில் அப்பா பெயர் இல்லை. அந்த இடம் வந்தபோது அம்மா என் கையைப் பிடித்தாள். இந்த முறை வலிக்கவில்லை. பிறகு ஐயர், ஊர் வந்து சேர்ந்தவர்கள் யாராவது உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார். கேட்டுவிட்டு, இல்லை என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பப் போனார்.

அம்மா பாயிலிருந்து எழுந்தாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள்.

“பர்மாவிலேருந்து வந்து சேர்ந்த எங்க வீட்டுப் பாக்கியநாதனுக்காக,” என்றாள்.

அவர் தென்காசி ரயிலடியில் வந்து இறங்கி வருஷக்கணக்காகியிருந்தது. சபை ஆமென் சொன்னது. பாக்கியநாதன் அன்று வெளியே போகவில்லை.